எவ்வளவு வெளிச்சம் போதும்? வீட்டுக்குள் வளரும் ஓர்க்கிட்டும் ஒளியை அளக்கும் முறைகளும்

வீட்டுக்குள் மின்விளக்கின் கீழ் ஓர்க்கிட் வளர்க்க முற்படும் எவரும் முதலில் கேட்பது, எவ்வளவு வெளிச்சம் போதும் என்பதைத்தான். கேள்வி சிறியது. ஆனால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அதற்குச் சொல்லப்பட்டுவரும் பதில்கள் ஒன்றோடொன்று எளிதில் பொருந்துவதில்லை. பழைய கைநூல் 1,000 ஃபுட் கெண்டில் என்கிறது. அடுத்த நூல் 10,000 லக்ஸ் என்கிறது. விளக்கு விற்பவர் 150 மைக்ரோமோல் என்கிறார். நெடுங்காலம் வளர்த்தவரோ எண்ணே வேண்டாம், இலையைப் பாருங்கள் என்கிறார். இந்த நான்கும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தைக் குறிக்கலாம். முற்றிலும் வேறான வெளிச்சங்களையும் குறிக்கலாம். எந்த விளக்கு, எத்தனை மணி நேரம், எந்தச் செடி என்ற மூன்றும் தெரியாதவரை அவற்றை ஒப்பிட வழியில்லை.

இந்தப் பரிந்துரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டு வளர்ப்பாளர்களுக்காக எழுதப்பட்டவை. புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டித் தீபகற்பத்தில், மேற்கே கடலைப் பார்த்தபடி அமைந்த தலவில போன்ற ஊருக்கு அவை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையும் சேர்த்தே இக்கட்டுரை ஆராய்கிறது. அளவுமுறைகள் தோன்றிய வரிசையிலேயே அவற்றைப் பார்ப்பது வசதியானது. முன்னையதன் குறையைச் சரிசெய்ய வந்த ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஒரு குறையைக் கொண்டுவந்தது.

நிழலும் இலையின் நிறமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்பமண்டல ஓர்க்கிட்டுகள் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போயின. அவை அடர்ந்த காட்டின் இருளுக்கும் புழுக்கத்துக்கும் உரியவை என்பதே அன்றைய பொதுவான நம்பிக்கை. தாவரவியலாளர் ஜோன் லின்ட்லி 1830இல் தந்த வளர்ப்பு ஆலோசனையும் கடும் வெப்பம், மிகுந்த ஈரம், ஆழ்ந்த நிழல் ஆகியவற்றையே வலியுறுத்தியது. அவ்வாறு அடைத்துவைத்த கண்ணாடி வீடுகளில் செடிகள் பெருமளவில் மடிந்தன. சட்ஸ்வேர்த் மாளிகைத் தோட்டத்தில் ஜோசப் பக்ஸ்டன் போன்றோர் காற்றோட்டத்தையும் மிதமான வெப்பத்தையும் கையாண்டு பார்த்த பிறகே கருத்து மெல்ல மாறியது. மரக்கிளையில் தொற்றி வாழும் ஓர்க்கிட், காட்டின் தரையைவிடப் பல மடங்கு ஒளி விழும் இடத்தில் இருக்கிறது என்ற எளிய உண்மை வளர்ப்பு முறைக்குள் நுழைய அவ்வளவு காலம் பிடித்தது.

இந்தப் பட்டறிவிலிருந்து பிறந்ததே இலையைப் பார்த்து ஒளியைக் கணிக்கும் மரபு. இலை கரும்பச்சையாகி, நீண்டு, தளர்ந்து தொங்கினால் ஒளி குறைவு. மஞ்சள் சாயல் ஏறிய இளம்பச்சை பொதுவாகப் போதிய ஒளியைக் காட்டும். விளிம்பில் செம்மை படர்ந்தால் செடி தன் தாங்கும் எல்லையை நெருங்குகிறது. இலைக்கு மேலே கையை நீட்டி, விழும் நிழலின் கூர்மையைப் பார்ப்பதும் இதே மரபைச் சேர்ந்ததுதான்.

இம்முறையின் பலம், அது செடியிடமே விடையைக் கேட்கிறது என்பது. பலவீனங்கள் இரண்டு. இலையின் நிறம் மாற வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் ஒரு பூக்கும் பருவம் கைநழுவிப் போகலாம். மேலும், மஞ்சளுக்கு ஒளி மட்டும் காரணமில்லை. தழைச்சத்துக் குறைவும் வேர் அழுகலும் அதே நிறத்தைத் தரும். கைநிழலைக் கணிக்கும் நமது கண்ணும் நம்பத்தக்க கருவியல்ல. இருளுக்கும் வெளிச்சத்துக்கும் அது தன்னைப் பழக்கிக்கொள்வதால், 300 லக்ஸ் உள்ள அறையும் 3,000 லக்ஸ் உள்ள யன்னலோரமும் நமக்குப் பத்து மடங்கு வேறுபட்டவையாகத் தெரிவதில்லை.

மனிதக் கண்ணுக்காகச் செய்த அளவு

செயற்கை ஒளியில் செடி வளர்க்கும் முயற்சி, மின்குமிழ் வீடுகளுக்குப் பரவும் முன்பே தொடங்கிவிட்டது. வில்லியம் சீமென்ஸ் மின்வில் விளக்கின் கீழ் செடிகளை வளர்த்த சோதனைகளை 1880இல் லண்டன் ரோயல் சொசைட்டியின் முன் வைத்தார். எனினும் இல்லத்து வளர்ப்பாளருக்கு அது எட்டும் பொருளானது, 1938இல் குழாய் விளக்குகள் விற்பனைக்கு வந்த பின்னர்தான். வெப்பம் குறைந்த அந்த விளக்கைச் செடிக்கு அருகிலேயே தொங்கவிட முடிந்தது. அதோடு எண்களின் தேவையும் வந்தது.

கிடைத்த அளவு, புகைப்படக்காரரும் கட்டடக் கலைஞரும் பயன்படுத்திய ஃபுட் கெண்டில். ஒரு ஃபுட் கெண்டில் ஏறத்தாழ 10.76 லக்ஸுக்குச் சமம். வளர்ப்புக் கைநூல்களில் பெலனோப்சிஸுக்கு 1,000 முதல் 1,500 ஃபுட் கெண்டில், கட்லியாவுக்கு 2,000 முதல் 3,000, வாண்டாவுக்கு அதற்கும் மேல் என்ற எண்கள் நிலைபெற்றன. திறந்தவெளி நண்பகல் வெயில் ஏறத்தாழ 10,000 ஃபுட் கெண்டில், அதாவது ஒரு இலட்சம் லக்ஸுக்குச் சற்று மேல் என்பதால், இவற்றை முழு வெயிலின் பங்குகளாக மனத்தில் வைத்துக்கொள்வதும் எளிதாயிற்று.

சிக்கல் அளவின் வரையறையிலேயே இருக்கிறது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் உணர்திறனை அடிப்படையாகக் கொண்டது. அந்த உணர்திறன் வளைகோட்டைப் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 1924இல் நிர்ணயித்தது. நமது கண் 555 நனோமீற்றர் அலைநீளப் பச்சையில்தான் மிகக் கூர்மையானது. சிவப்பிலும் நீலத்திலும் மங்கியது. ஒளித்தொகுப்போ சிவப்பையும் நீலத்தையும் நன்றாகவே பயன்படுத்துகிறது. 555 நனோமீற்றர் பச்சை ஒளியில் சதுர மீற்றருக்கு வினாடிக்கு 1 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுந்தால் லக்ஸ்மானி ஏறத்தாழ 147 காட்ட வேண்டும். அதே எண்ணிக்கையிலான துகள்கள் 660 நனோமீற்றர் சிவப்பாக இருந்தால் அது காட்டுவது ஏழு அல்லது எட்டுத்தான். ஊதா நிறத்தில் ஒளிரும் செடிவிளக்கை லக்ஸ்மானியால் அளந்து, வெளிச்சம் போதாது என்று இன்னும் பக்கத்தில் இறக்கி இலையைக் கருக்குவது இந்த வேறுபாட்டின் நேரடி விளைவு.

ஆனாலும் லக்ஸை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. ஒளிமூலம் மாறாதவரை அது ஒப்பீட்டுக்கு உதவும். பகல் வெயிலுக்கு 54 லக்ஸ், சாதாரண வெண்குழாய் விளக்குக்கு 74 லக்ஸ், உயரழுத்தச் சோடியம் விளக்குக்கு 82 லக்ஸ் ஆகியவை தலா ஒரு மைக்ரோமோலுக்குச் சமம் என்ற மாற்று எண்கள் பரவலாக வழங்குகின்றன. வெண்ணிற எல்.ஈ.டி. விளக்குகள் வகைக்கு வகை மாறினாலும், பெரும்பாலும் எழுபதை ஒட்டியே அமைகின்றன.

துகள்களை எண்ணுதல்

ஒளித்தொகுப்பு ஒளியின் மொத்த ஆற்றலைவிட, இலையை வந்தடையும் ஒளித்துகள்களின் எண்ணிக்கையையே நெருக்கமாகப் பின்தொடர்கிறது. டெக்சாஸில் பணியாற்றிய கீத் மக்ரீ, 22 வகைப் பயிர்ச்செடிகளின் இலைகளை வெவ்வேறு நிற ஒளியில் சோதித்து 1972இல் முடிவுகளை வெளியிட்டார். 400 முதல் 700 நனோமீற்றர் வரையிலான துகள்களைச் சம மதிப்புடன் எண்ணினால், ஒளித்தொகுப்பைக் கணிக்கும் நியாயமான அளவு கிடைக்கும் என்பதே அதன் சாரம். ஜப்பானில் கட்சுமி இனாடா 1976இல் 33 இனங்களில் செய்த ஆய்வும் இதையொத்த வளைகோடுகளைத் தந்தது. இன்று மைக்ரோமோலில் சொல்லப்படும் ஒளியளவுக்கும், அதை அளக்கும் குவாண்டம் உணரிக்கும் அடித்தளம் இதுதான்.

இது லக்ஸைவிட மேம்பட்டது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதன் எல்லைகளை நினைவிற்கொள்ள வேண்டும். மக்ரீயின் செடிகள் நெல், சோளம், நிலக்கடலை, பருத்தி, தக்காளி போன்றவை. தடித்த இலை ஓர்க்கிட் எதுவும் அவற்றில் இல்லை. சோதனைகள் தனித்தனி இலைகளில், குறைந்த ஒளியில், ஒரு நேரத்தில் ஒரு நிறத்தோடு நடந்தவை. சம மதிப்பு என்பது கணக்கு வசதிக்காக ஏற்ற ஒரு சராசரி. உண்மையான வளைகோட்டில் ஏற்ற இறக்கங்கள் உண்டு. குவாண்டம் உணரியின் விலையும் சாதாரண லக்ஸ்மானியின் விலையைப் போலப் பல மடங்கு.

ஒரு நாளின் மொத்தம்

ஒரு கணத்தின் அளவு போதாது, நாள் முழுதும் விழுந்த துகள்களின் கூட்டுத்தொகையே முக்கியம் என்பது அடுத்த நிலைப்பாடு. சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு இத்தனை மோல் என்று சொல்லப்படும் இந்த நாள் ஒளித்தொகை, விளக்கையும் வெயிலையும் ஒரே தராசில் வைக்க உதவுகிறது.

நிழல்வலைக்குக் கீழே நண்பகலில் 10,000 லக்ஸ் பதிவாகிறது என்று கொள்வோம். அது சுமார் 185 மைக்ரோமோல். காலையும் மாலையும் வெயில் தணிவதால், முகிலற்ற 12 மணி நேரப் பகலின் சராசரி அந்த உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. நாள் மொத்தம் ஏறத்தாழ 5 மோல். இப்போது வெண்ணிற எல்.ஈ.டி. விளக்கை அதே 10,000 லக்ஸில் 12 மணி நேரம் எரியவிட்டால், கணத்தின் அளவு 143 மைக்ரோமோலாகக் குறைந்தாலும் நாள் மொத்தம் 6 மோலைத் தாண்டும், ஏனெனில் விளக்குக்குக் காலையும் இல்லை, மாலையும் இல்லை. வெயிலின் உச்ச எண்ணை அப்படியே விளக்குக்குப் பெயர்ப்பவர், அறியாமலே கூடுதலாக ஒளி கொடுக்கிறார்.

கூட்டுத்தொகை முறைக்கு ஓர்க்கிட்டிடமிருந்தே ஒரு மறுப்பு எழுகிறது. பெலனோப்சிஸ், வாண்டா, கட்லியா முதலிய தடித்த இலைச் செடிகள் இரவில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமிக்கின்றன. பகலில் வாயை மூடிக்கொண்டு, சேமிப்பை ஒளியின் உதவியால் சர்க்கரையாக்குகின்றன. இரவுச் சேமிப்பு தீர்ந்த பின் விழும் ஒளி அதே விகிதத்தில் பயன்தரும் என்று கொள்ள முடியாது. விளக்கை 18, 20 மணி நேரம் எரித்து மொத்தத்தை உயர்த்துவது, சேமிப்புக்கான இரவையே சுருக்கிவிடக்கூடும். மெல்லிய இலை ஒன்சிடியம் வகைகளில் பலவற்றுக்கு இந்தத் தடை அவ்வாறே பொருந்தாது. வெப்பமண்டல ஓர்க்கிட்டுகளின் உடற்செயலியலைத் தொகுத்து, சிங்கப்பூரின் ஹியூ சோய் சின்னும் ஜீன் யோங்கும் 1997இல் வெளியிட்ட நூல், இவ்வேறுபாட்டை வணிக வளர்ப்போடு இணைத்துப் பார்த்த முக்கிய முயற்சிகளில் ஒன்று.

நிறம் பற்றிய வாதம்

விஸ்கொன்சினில் 1990களின் தொடக்கத்தில் சிவப்பு எல்.ஈ.டி.யின் கீழ் சலாது வளர்த்துக் காட்டப்பட்டது. பச்சையம் அதிகம் உறிஞ்சுவது சிவப்பையும் நீலத்தையும்தான் என்பதால், மற்ற நிறங்கள் வீண்செலவு என்ற வாதம் பின்னர் பரவியது. அது அரைகுறை வாதம். கரைசலில் பிரித்தெடுத்த பச்சையத்தின் நடத்தையும் முழு இலையின் நடத்தையும் ஒன்றல்ல. இலையின் உட்புற அடுக்குகளுக்குள் பச்சை ஒளி ஊடுருவிப் பயன்படுகிறது. வெண்ணொளியில் இலையின் உண்மையான நிறம் தெரிவதால் நோயையும் பூச்சியையும் நேரத்தோடு காணலாம். இது வீட்டு வளர்ப்பாளருக்குச் சிறிய நன்மையல்ல.

மறுமுனையில், 700 நனோமீற்றருக்கு அப்பாலுள்ள தொலைச்சிவப்பு பற்றிய வாதம். அது தனியே பெரிதாக உதவாவிட்டாலும், குறைந்த அலைநீள ஒளியோடு சேரும்போது ஒளித்தொகுப்பை உயர்த்துகிறது என்பதை ரொபர்ட் எமர்சன் 1957இலேயே காட்டினார். யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷூயாங் ஷென், புரூஸ் பக்பி ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, எல்லையை 750 வரை நீட்ட வேண்டும் என்ற கருத்துக்கு வலுச்சேர்த்தது. ஆனால் தொலைச்சிவப்பு மிகுந்தால் பல செடிகள் நிழலில் நிற்பதுபோல் நெடுத்து வளரும். சான்றுகளில் பெரும்பாலானவை வேகமாக வளரும் உணவுப்பயிர்களிலிருந்து வந்தவை. ஆண்டுக்கு ஓரிரு இலைகளே விடும் ஓர்க்கிட்டுக்கு அவற்றை நீட்டும்போது எச்சரிக்கை தேவை.

தலவிலயில் கேள்வி எப்படி மாறுகிறது

தலவில வட அகலக்கோடு 8 பாகையை ஒட்டியது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வேறுபாடுகூட இல்லை. டிசம்பரில் லண்டனின் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. டொரன்டோவில் ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. அங்கே மாடி வீடுகளில் ஓர்க்கிட் வளர்க்கும் தமிழருக்கு விளக்கு குளிர்காலத் தேவை. தலவிலயில் நிலைமை நேர்மாறு. உலர்வலயத்தின் திறந்த வானம் நல்ல நாளில் 40 மோல் அளவுக்கு ஒளி தருகிறது. அதில் எண்பது வீதத்தை நிழல்வலை மறைத்தாலும் மிஞ்சும் 8 மோல் பெலனோப்சிஸுக்குப் போதுமானது. ஐம்பது வீத வலைக்குக் கீழுள்ள 20 மோல் வாண்டாவுக்கும் பல டென்ட்ரோபியக் கலப்பினங்களுக்கும் ஏற்றது. பொச்சு மட்டையும் கரியும் நிரப்பிய சட்டிகளை வலைக்கு அடியில் தொங்கவிடுவதே இங்கு இயல்பான வழி. மின்விளக்கு ஒரு தெரிவு மட்டுமே.

அந்தத் தெரிவுக்கும் காரணங்கள் இருக்கலாம். கச்சான் காற்றுக் காலத்தில் கடலிலிருந்து வரும் உப்புத்தூவல் இலையையும் வேரையும் வாட்டும். குரங்கு, நத்தைத் தொல்லையும் உண்டு. இழைய வளர்ப்புக் குடுவைகளுக்கோ செயற்கை ஒளி தவிர்க்க முடியாதது. 1922இல் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த ஊடகத்தில் ஓர்க்கிட் விதைகளை முளைக்கவைத்ததிலிருந்து தொடரும் மரபு அது. குடுவைக்குள் சர்க்கரை கிடைப்பதால் அங்கே 2,000 அல்லது 3,000 லக்ஸ் போதும். ஆனால் அந்த எண்ணைக் குடுவையிலிருந்து வெளியே எடுத்த செடிக்குத் தொடர்வது பிழை. தன் உணவைத் தானே ஆக்க வேண்டிய நாற்றுக்கு ஒளியைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

இனத் தெரிவும் கேள்வியை மாற்றுகிறது. இலங்கையின் ஈரவலயக் காடுகளுக்கே உரிய, வெசாக் காலத்தில் பூக்கும் டென்ட்ரோபியம் மக்கார்த்தியே ஈரமும் நிழலும் நாடுவது. உலர்வலய மரங்களில் காணப்படும் வாண்டா டெசெலேட்டா கடும் வெளிச்சத்துக்குப் பழகியது. ஒரே தீவின் இந்த இரண்டு செடிகளுக்கே ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. பெலனோப்சிஸின் நிலை வேறு. பூந்தண்டு விட அதற்கு 26 பாகை செல்சியஸுக்குக் கீழான வெப்பநிலை சில வாரங்கள் வேண்டும். 28 பாகைக்கு மேல் தொடர்ந்தால் இலை விட்டுக்கொண்டே இருக்கும். கடலோரப் புழுக்கத்தில் அது பூக்காதபோது விளக்கைக் கூட்டுவது அறையை மேலும் சூடாக்குமே தவிர, தடையை நீக்காது.

செலவையும் அளவின் பகுதியாகவே கொள்ள வேண்டும். 60 சென்ரிமீற்றர் சதுரத் தட்டுக்கு 140 மைக்ரோமோல் கொடுக்க, சாதாரண வெண்ணிற எல்.ஈ.டி.யில் 50 வாட் அளவு தேவைப்படும். நாளுக்கு 12 மணி நேரம் எரித்தால் மாதம் ஏறக்குறைய 18 அலகு. பாவனை கூடக் கூட அலகின் விலையும் ஏறும் கட்டண முறையில், சிறிய குடும்பத்தின் பட்டியலை இது அடுத்த படிக்குத் தள்ளக்கூடும். 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இதே தீபகற்பத்தில் இயங்குகிறது. வெயில் வாசலில் நிற்க, அங்கே நிலக்கரி எரித்துப் பெறும் ஒளி தேவையா என்ற கேள்வி தலவிலயில் வெறும் தத்துவக் கேள்வியல்ல.

கையிலுள்ள கருவியால் அளப்பது

வெண்ணிற விளக்குக்கு ஒரு சாதாரண லக்ஸ்மானி போதும் என்பதே நடைமுறை சார்ந்த முடிவாக இருக்க முடியும். நிபந்தனைகள் சில. உணரியை இலையின் உயரத்தில், மேல்நோக்கி வைக்க வேண்டும். விளக்கை மட்டும் அளக்க வேண்டுமானால் இரவில் அளப்பதே சரி. எரியவிட்டு அரைமணி நேரம் கழித்து, தட்டின் நடுவிலும் மூலைகளிலும் விளிம்புகளிலுமாக ஒன்பது புள்ளிகளில் பதிந்தால், நடுவில் மட்டும் எடுக்கும் ஒற்றை எண்ணின் மயக்கம் நீங்கும். தூரம் இரட்டித்தால் ஒளி கால்பங்காகும் என்ற விதி புள்ளி போன்ற மூலத்துக்கே உரியது. நீண்ட குழாய்க்கும் அகன்ற பலகைக்கும் அருகில் அது பொருந்தாது. ஆகவே கணிப்பதைவிட அளப்பதே பாதுகாப்பு. கிடைத்த லக்ஸை எழுபதால் வகுத்து, விளக்கு எரியும் வினாடிகளால் பெருக்கி, பத்து இலட்சத்தால் வகுத்தால் நாள் மொத்தம் மோலில் தோராயமாகக் கிடைக்கும்.

கைபேசிச் செயலிகள் இதற்கு மாற்றாகுமா? ஒரே கைபேசியால் இன்றைய இடத்தையும் நாளைய இடத்தையும் ஒப்பிட அவை உதவலாம். ஆனால் அவற்றின் உணரிகள் திரையின் பிரகாசத்தைச் சரிசெய்யப் பொருத்தப்பட்டவை. சாய்ந்து வரும் ஒளியை உரிய விகிதத்தில் சேர்க்கும் வெண்மூடி அவற்றில் இல்லை. இரண்டு கைபேசிகள் ஒரே இடத்தில் வெவ்வேறு எண்களைக் காட்டுவது இயல்பு. சிவப்பும் நீலமும் மட்டும் கொண்ட விளக்குக்கு லக்ஸ்மானியும் செயலியும் இரண்டுமே பயனற்றவை. அங்கே குவாண்டம் உணரியை இரவல் பெறுவதோ, தயாரிப்பாளர் தரும் ஒளிவரைபடத்தை நம்புவதோதான் வழி. விளக்கின் திறன் காலத்தோடு குறையும், தூசியும் உப்புப் படலமும் மேலும் குறைக்கும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் அளப்பது நல்லது.

மதிப்பீடு

சில விடயங்கள் ஓரளவு தீர்ந்துவிட்டன. ஒளிமூலம் எதுவென்று சொல்லாத லக்ஸ் எண்ணுக்குச் செடி சார்ந்த பொருள் குறைவு. துகள் எண்ணிக்கை அதைவிடச் சிறந்தது. கணத்தின் அளவோடு கால அளவையும் சேர்க்காமல் வெயிலையும் விளக்கையும் ஒப்பிட முடியாது. இவற்றை ஏற்றுக்கொண்டால், பழைய கைநூல்களின் எண்களையும் புதிய விளக்குகளின் எண்களையும் பெருமளவுக்கு இணைத்து வாசிக்கலாம்.

திறந்து நிற்பவை வேறு. இரவில் வாயுவைச் சேமிக்கும் செடிக்கு நாள் மொத்தம் எந்த எல்லைவரை நல்ல அளவுகோல், பயிர்ச்செடிகளில் பெற்ற நிறவிதிகள் மெதுவாக வளரும் தடித்த இலைக்கு எந்த அளவு செல்லும், தொலைச்சிவப்பைக் கணக்கில் சேர்ப்பதா என்பன இன்னும் விவாதத்தில் உள்ளன. வெப்பமண்டலத் தாழ்நிலத்துக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. ஒளி, இலையின் வெப்பம், இரவின் வெப்பம் ஆகிய மூன்றும் அங்கே பிணைந்தே இயங்குகின்றன. பரிந்துரை அட்டவணைகளோ ஒளியை மட்டும் பிரித்தெடுத்து ஓர் எண்ணாகத் தருகின்றன. இந்தக் கேள்விகள் தெளியும்வரை, ஒளிமானியின் எண்ணைத் தொடக்கப் புள்ளியாகவும் அடுத்த சில மாதங்களில் விரியும் இலையைத் திருத்தக் குறிப்பாகவும் கொள்வதே நியாயமான நிலைப்பாடாகத் தோன்றுகிறது. தலவிலயில் அந்தக் கணக்கைத் தொடங்கும் முன், நிழல்வலைக்குக் கீழே கிடைக்கும் இலவச ஒளியை ஒரு நாள் முழுவதும் அளந்து பார்ப்பது முதற்கடமை.